மிக மிக அடங்கவில்லை

சென்ற வாரம் என் மகள் கைப்பேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். உருப்படாத பிள்ளைகள் நிறைந்த ஒரு வகுப்பு. புதிதாக ஒரு டீச்சர் வருகிறார், நடனம் சொல்லித்தருகிறார், கடைசிக் காட்சியில் எல்லோரும் உருப்பட்டுவிடுகிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட உட்கார்ந்திருந்த பாவத்துக்கு நானும் துடைத்துக்கொண்டேன். ஆனால் இந்த மாதிரிப் படங்களில் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. அதே வகுப்பில் ஒழுங்காக இருந்த பையன் என்ன ஆனான் என்பதை எந்த இயக்குநரும் காட்டுவதில்லை. அவனைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

முதலியார்பேட்டைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் லீடர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. முதல்முறை பேசினால் வெறும் பெயர். மறுபடி பேசினால் பக்கத்தில் ‘அடங்கவில்லை’. அதற்கும் மேலே போனால் ‘மிக மிக அடங்கவில்லை’. அதைத் தாண்டி எழுதத் தமிழில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

இந்த மூன்றாம் பட்டத்தை நிரந்தரமாக வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அந்துவான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வயது முடிந்ததும் பாரீசுக்கு விமானம் ஏறுவதாக இருந்தவனுக்கு, அதுவரை பள்ளிக்கூடம் ஒரு காத்திருப்பு அறை. இன்னொருவன் வம்பாகீரப்பாளையம் குப்பத்துக் குமாரு. கடல் அமைதியாக இருந்தால் படகுக்குப் போய்விடுவான். கடல் கொந்தளித்தால் வகுப்புக்கு வந்து கொந்தளிப்பான்.

அந்த வருடம் அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, எங்கள் பள்ளியிலேயே தற்காலிக டீச்சராகச் சேர்ந்தாள். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். வேலையில் சேருவதற்கு முந்தைய வாரம், மேலே சொன்ன வகையறாப் படம் ஒன்றைக் கேசட் எடுத்து மூன்று முறை பார்த்து, மூன்று முறையும் ஒரே இடத்தில் அழுதவள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், “இந்தக் கிளாஸ்ல ரொம்ப மோசம் யாருடா?” என்று ஆவலோடு கேட்டாள். மொத்த வகுப்பும் கரும்பலகையைக் காட்டியது. என் கையெழுத்தில் பன்னிரண்டு பெயர்கள்.

“இந்தப் பன்னெண்டு பேரும் சாயங்காலம் இருங்க.”

அடி விழும் என்று பன்னிரண்டு பேரும் கால்சட்டைக்குள் நோட்டுப் புத்தகம் செருகிக்கொண்டு போனார்கள். ஆண்டு விழாவில் நடனம் ஆடப்போவது அவர்கள்தான் என்று சித்தி அறிவித்தாளாம். மூன்றாம் நாள் டேப்ரிக்கார்டர் வந்தது. நான்காம் நாள், சித்தியின் பழைய சிவப்புச் சேலை பன்னிரண்டு துண்டுகளாகி அவர்கள் தலைகளில் ஏறியது. நான் சைக்கிளைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு விரும்பியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “சித்தி, என்னையும் சேத்துக்க.”

“நீ நல்ல பையன்டா. உனக்கு எதுக்கு? இது அவங்களுக்கு.”

நல்ல பையனாக இருப்பதில் இப்படி ஒரு நஷ்டம் இருப்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, கெட்டுப்போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அது நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. சித்தியின் வகுப்பில் ‘உம்ம்ம்’ என்று முனகினேன். “தொண்ட கட்டிகிச்சா? அக்காகிட்ட கஷாயம் போடச் சொல்றேன்” என்றாள். சொன்னபடியே போடவும் வைத்தாள். அடுத்து, ஒரு சாக்பீஸை மின்விசிறி மேல் வீசினேன். அது தெறித்து என் நெற்றியிலேயே பட்டது. “ஸாரி” என்றேன். யாரிடம் என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசியில் சட்டப்படியே போவது என்று தீர்மானித்தேன். மறுநாள் ஆசிரியர் வராத பாடவேளையில் எழுந்து நின்று பேசத் தொடங்கினேன். லீடரோடு பேச ஆள் கிடையாது என்பதாலும், திடீரென்று பேசச் சொன்னால் எனக்கு வேறெதுவும் வராது என்பதாலும், பதிமூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னேன். பிறகு கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். மீண்டும் வாய்ப்பாடு. ‘அடங்கவில்லை’ சேர்த்தேன். மறுபடியும் வாய்ப்பாடு. முன்னால் ‘மிக மிக’ போட்டேன். அந்த வகுப்பு முதன்முறையாக வாயடைத்து உட்கார்ந்திருந்தது.

“டேய், லீடருக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சிடா” என்றான் அந்துவான்.

“இன்னா லீடரே, உம் பேர நீயே எழுதிகினா செல்லுமா? சாட்சி வேணாம்?” என்றான் குமாரு.

அந்துவான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, “நான் சாட்சி. வாய்ப்பாடு சொல்லிக் கிளாஸையே கெடுத்துட்டான்” என்றான்.

அடுத்த வகுப்புக்கு வந்த சித்தி கரும்பலகையை வெகுநேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சரி, சாயங்காலம் வந்து சேரு.” அவள் சேலையில் மிச்சமிருந்த முந்தானை எனக்குக் கிடைத்தது.

குள்ளம் என்பதால் முதல் வரிசையில் நிறுத்தினாள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சித்தி எங்களைப் பார்த்து நின்று, “ரைட்ல திரும்பு” என்று சொல்லி, தன் வலப்பக்கம் திரும்பிக் காட்டுவாள். மற்றவர்கள் காதால் கேட்டு வலப்பக்கம் திரும்பினார்கள். ஆசிரியர் காட்டும் வழியில் செல்லவேண்டும் என்று வளர்க்கப்பட்ட நான், அவள் காட்டிய திசையிலேயே, அதாவது என் இடப்பக்கமாகத் திரும்பினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்தில் நின்ற அந்துவானின் மூக்கு என் முழங்கையில் இடித்தது. பிறகு சித்தி முதுகைக் காட்டி நின்று ஆடியும் பயனில்லை. அதற்குள் என் உடம்பு இடப்பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டது. மனப்பாடம் செய்ததை நான் மறந்ததே கிடையாது.

ஒத்திகை பார்க்க வந்த தலைமையாசிரியர், “பரவால்லம்மா, ரௌடிப் பசங்க நல்லா ஆடுறானுங்க. அந்த லீடர் பையன மட்டும் எடுத்துடு” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி மூன்று நாள் தவணை கேட்டாள். அந்த மூன்று நாளும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குமாரு என் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சோத்தாங்கை பக்கம் திரும்பு லீடரே! எந்தக் கையால துன்ற?”

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். காட்டிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன்.

“இவன் படகுல ஏறுனா இலங்கைதான்” என்றான் குமாரு.

விழா நாளன்று சித்தி என்னை நீக்கவில்லை. மேடையேறும்போது என் தலைத்துணியைச் சரிசெய்தாள். இரண்டாம் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே தலைமையாசிரியர்.

பாட்டு தொடங்கியது. முதல் நிமிடம் வெறும் குதியாட்டம்தான், சமாளித்துவிட்டேன். பிறகு அந்தப் பெரிய திருப்பம் வந்தது. எனக்குப் பின்னாலிருந்து குமாருவின் குரல் கேட்டது: “டேய், எல்லாரும் பீச்சாங்கை பக்கம்!”

நான் இடப்பக்கம் திரும்பினேன். இடிக்க மூக்கு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு சிவப்புத் தலைகளும் என்னோடு சேர்ந்து ஒரே வீச்சில் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அதன்பின் வந்த ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படியே. நான் எங்கே போனேனோ அங்கே மொத்த மேடையும் வந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டினார்.

இறங்கியதும் சித்தியிடம் ஓடினேன். “பாத்தியா சித்தி? நான் பாட்டுக்குக் கரெக்டாதான் ஆடிகினு இருந்தேன். கடைசி நேரத்துலயாவது இவனுங்களுக்குப் புரிஞ்சிதே!”

சித்தியோ, கேசட் பார்த்தபோது அழுதாளே, அதைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். நடுநடுவே சிரிப்பும் வந்தது. ரௌடிகள் திருந்திய சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

வியர்வை வழிய வந்த அந்துவான், “ஆமா லீடரே, உன்னப் பாத்துதான் கத்துகினோம். மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். அவனுக்குப் பின்னால் பதினொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“பரவால்லடா, இனிமேலாவது ஒழுங்கா இருங்க” என்று பெருந்தன்மையோடு அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன்.