பழுதுக் கொப்பி

காலை எட்டு மணிக்கெல்லாம் கிருஷ்ணராஜ் பழைய கணினியின் மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் உள்ளே தூசி தட்டிக்கொண்டிருப்பார். இடுப்புயர இரும்புப் பெட்டி அது. பல்கலைக்கழகம் முதன்முதலில் வாங்கிய கணினி, இப்போது ஓடாது. தண்ணீர்ப் போத்தலோடு யாரும் அந்த ஆய்வுகூட வாசலைத் தாண்ட முடியாது.

"ஓடுற மெசின் வேலயத்தான் காட்டும். நின்ன மெசின்தாங்க கதை சொல்லும்" என்பார்.

கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பிறந்தவர்; ஆய்வுகூட உதவியாளர். கணினியை அவர் படித்தது பழுதுக் கொப்பியில். பழுது வந்தபோதெல்லாம் அந்தக் காலத்து ஆட்கள் தேதி போட்டு எழுதிவைத்த கொப்பி. 'மழை. மூன்று மணிக்கு நின்றது. உள்ளே பல்லி.' இதைப் பார்க்காமலே ஒப்பிப்பார்.

கணினி வரலாறு அங்கே ஒரு பாடம். அதற்கான வளங்கள் என்று துறையின் இணையப்பக்கம் ஒன்பது இணைப்புகளைத் தருகிறது. ஏழு திறப்பதில்லை. எட்டாவது பாடத்திட்டம். ஒன்பதாவது அதே பக்கத்துக்கே திரும்பி வருகிறது. ஆகவே மாணவர்கள் கிருஷ்ணராஜிடம் வருகிறார்கள். இறுதியாண்டு தர்மிளா இந்தப் பெட்டியையும் கொப்பியையும் நம்பியே ஆய்வு எழுதுகிறாள். பாதி எழுதியிருந்தபோது பொருட்களைச் சரிபார்க்கும் ஆண்டுக் கணக்கெடுப்புக் குழு வந்தது.

குழுவின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: பாவனையில் உள்ளது, கழிக்கவேண்டியது. கழித்தால் மறுநாளே லொறியில் பழைய இரும்புக்குப் போய்விடும். பக்கத்து அறையில் ஒரு மூன்றுகால் மேசை தப்பியிருந்தது. அதன்மேல் பூச்சாடி இருந்ததால் அது பாவனையில் உள்ளதாம்.

"இத என்னத்துக்கு வெச்சீக்கிறீங்க?" என்றார் குழுத் தலைவர் பவாஸ்.

"புள்ளைங்க படிக்கிறாங்க சேர்."

"ஓடுமா?"

"ஓடாதுங்க. நின்னு போனதத்தான் படிக்கிறாங்க."

"படிப்புக்கு இதில கட்டம் இல்லயே."

பேனா இரண்டாவது கட்டத்துக்குப் போனது. தர்மிளா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"காலையிலருந்து நிக்கிறீங்க சேர். ஒரு பிளேன்டி குடிச்சிட்டு எழுதுங்க" என்றார் கிருஷ்ணராஜ். மூடியைப் பொருத்தினார். அதன்மேல் தேநீர் பிளாஸ்க், கோப்பை, சீனிப் போத்தல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்.

பவாஸ் குடித்துவிட்டுக் கோப்பையைப் பெட்டிமேல் வைத்தார். "இதிலயா தேத்தண்ணி வெக்கிற?"

"ஒவ்வொரு நாளும்ங்க."

தர்மிளா குனிந்துகொண்டாள். பவாஸ் முதல் கட்டத்தில் சரி போட்டு, எதிரே எழுதினார்: 'தேநீர் மேசை, இரும்பு.'

குழு படியிறங்கும்வரை கிருஷ்ணராஜ் அசையவில்லை. பிறகு கோப்பையை எடுத்தார். மூடியில் வட்டமாய்ச் சாயம். அதைச் சட்டை நுனியால் துடைத்தார். தர்மிளாவிடமிருந்து கொப்பியை வாங்கி, கடைசிப் பதிவுக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்: 'பிளேன்டி. உள்ளே போகவில்லை.'