மரக்கறிக் கடையில் நான் விசாரித்த சுகம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. ரொறன்ரோவின் வடகிழக்கில், மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் இருக்கும் சிறிய மருந்தகத்தில் நான் உதவியாளர். சீட்டை வாங்குவது, மாத்திரை எண்ணுவது, பையில் பெயர் ஒட்டுவது என் வேலை. கதைப்பது வேலையில் சேராது. ஆனால் அதைத்தான் அதிகம் செய்வேன். எங்கள் ஆட்கள் வந்தால் பிறஷர், சீனி வருத்தம், மகளின் கலியாணம் எல்லாம் விசாரித்துத்தான் அனுப்புவேன். விசாரிக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் சனம் நாங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு பெண் வருவார். மலாவி நாட்டின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவர் எடுப்பது எச்.ஐ.வி.க்கான மாத்திரை. ரொறன்ரோவுக்குக் கிழக்கே தள்ளியிருக்கும் விட்பியிலிருந்து ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறி வருவார். பையை வாங்கியதும் மாத்திரைகளைத் தன் கைப்பையிலிருக்கும் வேறொரு போத்தலில் கொட்டிக்கொண்டு, எங்கள் கடைப் பெயர் ஒட்டிய போத்தலை எங்களிடமே தந்துவிட்டுப் போவார்.

ஒரு பனிநாளில் கடையில் வேறு யாரும் இல்லை. விட்பியில் இல்லாத மருந்தகமா, ஏன் இவ்வளவு அலைகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவருடைய ஊர் ஆஸ்பத்திரியில் இந்த மருந்துக்கென்று வியாழக்கிழமை ஒதுக்கியிருந்தார்களாம். வருபவர்கள் உட்கார வெளியே மரத்தடியில் ஒரு நீள வாங்கு. சோளம் அரைக்கப் போகும் பெண்களெல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். வியாழனன்று அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அவருடைய அக்கா ஒரே ஒரு வியாழன் அதில் இருந்தார். அடுத்த நாள் தண்ணீர் எடுக்கப் போனபோது மற்றப் பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றார்கள். அக்கா பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மருந்து இலவசம், வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனாலும் செத்துப்போனார்.

தங்கையான இவர் பக்கத்து ஊர்களையும் தாண்டிச் சைக்கிளில் போய் மருந்து எடுத்து உயிரோடு இருந்தார். இங்கே வந்தால், விட்பி மருந்தகத்தில் வேலை செய்பவர் இவர் போகும் தேவாலயத்து ஆள். அதனால்தான் எங்களிடம் வருகிறார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வேலையைச் செய்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை மத்தியானம். எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். மரவள்ளிக்கிழங்குப் பெட்டியடியில் அவர் நின்றார், கூட இரண்டு பெண்கள். கண்டதும் எனக்கு ஒரே சந்தோசம். கையைப் பிடித்து, "உங்கள் மருந்து மில்லிக்கனில் எங்கள் கடையில் ரெடி. திங்கட்கிழமை வந்து எடுங்கள், போன மாதம் மாதிரிப் பிந்திவிடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். அக்கறையாக ஒரு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

என்ன மருந்து என்று கூட வந்தவர் கேட்டார். பிறஷர் மாத்திரை என்றார் இவர். "பிறஷர் மாத்திரைக்கா விட்பியிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறாய்?" என்று மற்றவர் கேட்டார். நான் நோயின் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் தூரமே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் கையிலிருந்த கிழங்கைப் பெட்டியில் வைத்துவிட்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்த மாத்திரையை விட்டால் கிருமி உடம்பில் திரும்பத் தலையெடுத்துவிடும். புதன்கிழமை எங்கள் மருந்தாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தவர், எதற்கும் குரல் உயர்த்தாத மனுசன்.

"என்னை வேலையால நிப்பாட்டினாலும் பரவாயில்லை அண்ணை. அவ மருந்தை விடக்கூடாது."

"உம்மை நிப்பாட்டினால் அவ வந்திடுவாவே?" என்றார். நான் போனை எடுக்கப் போக, கையால் மறித்தார். "நீர் எடுக்காதேயும். உம்மட குரலைக் கேட்டால் இன்னும் பயப்படுவா. நான் எடுக்கிறன்."

ஒவ்வொரு நாளும் எடுத்தார். பதில் இல்லை. வேறு யாராவது கேட்டுவிடக்கூடும் என்று, கடையின் பெயர் சொல்லாமல் போன் இலக்கத்தை மட்டும் குரல் பதிவில் விட்டுவைத்தார். இப்படிக் கவனமாக இருக்கும் ஆளோடு ஒன்பது வருடம் வேலை செய்தும் நான் கற்றுக்கொள்ளவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணின் மருந்துப் பை தட்டிலேயே இருந்தது. வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கணவர் கேட்டார். முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள் ஃபாக்ஸ் ஒன்று வந்தது. அவருடைய மருந்துச் சீட்டைத் தங்களுக்கு மாற்றும்படி ஹமில்ரனில் இருக்கும் ஒரு மருந்தகம் கேட்டிருந்தது. உயிரோடு இருக்கிறார், மருந்தை விடவில்லை என்று அந்தக் கடுதாசியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. விட்பியிலிருந்து ஹமில்ரன், ரொறன்ரோவைத் தாண்டி அந்தப் பக்கம். போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இடையில் எத்தனை நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. தேடிப் போனால் அதுவும் இன்னொரு காட்டிக்கொடுப்பு.

எங்கள் ஆட்களிலும் மனநோய்க்கு மாத்திரை எடுக்க, பக்கத்துக் கடைகளை விட்டுவிட்டு றிச்மண்ட் ஹில்லிலிருந்து எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று இப்போது நான் கேட்பதில்லை. கடைக்கு வெளியே, கோயிலிலோ கலியாண மண்டபத்திலோ யாரைக் கண்டாலும், அவர்கள் முதலில் சிரிக்கும்வரை நான் அவர்களை அறியாதவள். தலைக்கனம் பிடித்தவள் என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. அந்தப் பெண் ஒவ்வொரு மாதமும் ரயிலில் இருக்கும் நேரத்தை நினைத்தால், அது எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.