குடைக்காரன் நின்ற இடம்

அந்த மனிதன் என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருப்பான். தண்ணீரின் விளிம்பில், குடை பிடித்தபடி நிற்பான். அவனுக்காக நான் பயந்த ஒரு பகல் உண்டு. இத்தனை வருஷம் கழித்தும், மழை கொஞ்சம் வலுத்தால் அந்தப் பகல் திரும்ப வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் டவுணில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு வேளாண்மை அலுவலகத்தில் வேலை. கீழ் வீட்டில் வீட்டுக்கார அண்ணாச்சி, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடி பொது. கிழக்குச் சுவரோரம் அண்ணாச்சியின் போன்சாய் தொட்டிகள். மேற்கே எங்கள் சீனத் தட்டு.

அண்ணாச்சியின் மரங்கள் ஜப்பான் முறை. ஒரு தொட்டி, ஒரு மரம், சுற்றிலும் வெறுமை. கிளைகளில் கம்பி சுற்றி, எது முன்பக்கம் என்று முடிவுசெய்து, மிஞ்சிய இலையைக் கிள்ளி, அப்படி ஒரு ஒழுங்கு. அவற்றின் முன்னால் நின்றால் குரல் தானாகத் தாழும். அழகுதான். யாரும் குடியேறாத அழகு.

எங்களுடையது பென்ஜிங், ஒரு தட்டுக்குள் மலை, ஆறு, மரம் என்று காட்சியையே அமைக்கிற சீன முறை. அதுதான் மூத்தது, சீனாவிலிருந்துதான் ஜப்பானுக்கே போனது என்பார் இவர், நூலகத்தில் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு. பேட்டையில் கல் அறுக்கும் பட்டறையில் மிஞ்சிய வெள்ளைப் பளிங்கைத் தட்டாகக் குடைந்து வாங்கி, ஆற்றில் பொறுக்கிய கருங்கல்லை மலையாக நிறுத்தி, சுவர் வெடிப்பில் முளைத்த, ஆல் சாதி இச்சிக் கன்றை அதன் உச்சி இடுக்கில் நட்டிருந்தார். கம்பி கிடையாது. வெட்டிவிட்டு, அது போகிற போக்கைப் பார்த்து, மறுபடி வெட்டுவார். மலையடியில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். கரையில், ஒரு சில்லுக் கல்லில் ஒட்டி நிறுத்திய குடைக்காரன். நவராத்திரிக்கு ரதவீதியில் வாங்கிய, கொலுவில் பார்க் கட்டி நிறுத்துகிற சுடாத மண் பொம்மை.

அண்ணாச்சிக்கு அந்த ஆளைக் கண்டாலே சிரிப்பு. இது மரமா கொலுவா என்பார். அடுத்த வருஷம் சுண்டல் உண்டா என்பார். ஒருநாள் இவர் திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்க மரத்தடியில ஒதுங்க ஒரு ஆள் கெடையாதே, அண்ணாச்சி."

"ஆள் நிக்கதுக்கா மரம்? நாமதான் வெளிய நின்னு பாக்கோமே, வே" என்றார் அவர்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று தகவல் வந்து, இவர் காலை பஸ்ஸில் கிளம்பினார். மத்தியானம் வந்திருதேன் என்றுதான் சொல்லிப்போனார். கையில் குடை.

அவர் போன பிறகு அணை திறந்த செய்தி தெருவுக்கு வந்தது. அப்புறம் வாய்க்கு வாய் வந்தது: பாலத்தில் போக்குவரத்து இல்லை, கரையோரத்தில் ரோடே தெரியவில்லை, ஸ்ரீவைகுண்டம் போன பஸ் ஒன்று வழியில் மாட்டிக்கொண்டது. எந்த பஸ் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி வீட்டு போன் செத்துக் கிடந்தது.

ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்படி, ஜன்னல், வாசல், மறுபடி அடுப்படி. கடைசியில் மாடிக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் பஸ் தெரியாது என்று தெரிந்தும்தான்.

தட்டு நிரம்பியிருந்தது. குடைக்காரன் முழங்கால் வரை தண்ணீரில் நின்றான். குடையின் சிவப்பு கரைந்து, தோளில் வழிந்து, தண்ணீரில் நூலாக ஓடியது. விழுந்த மழைச்சொட்டு ஒவ்வொன்றும் அவன் தலையளவு.

கிழக்கே போன்சாய்கள் நனைந்து நின்றன. அவற்றைப் பார்க்க எனக்குப் பயமில்லை. அங்கே மூழ்குவதற்கு யாருமில்லை. பென்ஜிங் எனக்குப் புரிந்தது அப்போதுதான். மலை எவ்வளவு பெரிது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை அந்த நகத்தளவு உடம்புதான் சொல்லுகிறது. அவன் இல்லாவிட்டால் அது கல்லும் ஈரமும். அவன் நின்றதால் அது வெள்ளம்.

எடுத்து மேலே வைக்க வேண்டியதுதானே? கையை நீட்டினேன், முடியவில்லை. எடுத்தால், இவர் தண்ணீருக்குள் நிற்கிறார் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். எடுக்காவிட்டால் கரைவான். தொட்டு, விரலிலேயே கரைந்துவிட்டால்?

தொட்டிகளைச் சாய்த்து நீர் வடிக்க மேலே வந்த அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு குனிந்தார். கிளைக்குக் கம்பி சுற்றுகிற அதே விரல்களால் பொம்மையை அதன் காலடிக் கல்லோடு சேர்த்துத் தூக்கி, மலையுச்சியில், இச்சியின் வேரோரம் நிறுத்தினார்.

"இங்கன நிக்கட்டும்மா. மேடுதான்" என்றார். "பைய எறங்கி வா. படி வழுக்கும்."

மறுநாள் மத்தியானம் தாண்டி இவர் வந்தார். இடுப்புவரை சேறு. ஒரு பள்ளிக்கூட மாடியில் ஊர்க்காரர்களோடு இருந்தாராம். குடை ஆற்றோடு போய்விட்டதாம். குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் மாடிக்குப் போனவர், தட்டின் முன்னால் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏ இவளே, ஆள் உச்சியில நின்னா மலை சின்னதாத் தெரியுதே. கீழ எறக்கணும்."

அவர் சொன்னது சரிதான். அளவு கெட்டுப்போயிருந்தது. மலை வெறும் கல்லாகி, ஆறு வெறும் தட்டுத் தண்ணீராகியிருந்தது.

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றேன். "எறக்காதீங்க."

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.