பூட்டிய வீட்டுக்குள் ஒருவர்

நேற்று எங்கெங்கே போனீர்கள், எதில் போனீர்கள் என்று போக்குவரத்துக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகக் கேட்பதுதான் சுமலதாவின் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் அவளுக்குப் பதினான்கு வீடுகள். ஒன்பதில் பூட்டு. திறந்திருந்த வீட்டுப் பெரியவர்கள், "நாங்க எங்கம்மா போறோம்?" என்று சிரித்தார்கள்.

"பூட்டியிருந்தா பக்கத்து ஊட்ட எழுதிக்கினு வா," என்றார் மேற்பார்வையாளர் ஜெரால்ட்.

அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டிலும் எங்கும் போகாதவர்கள்தான் இருப்பார்கள். அப்படியே எழுதினால் அந்தத் தெருவில் யாருமே அசையவில்லை என்றாகிவிடும். பேருந்தும் ஷேர் ஆட்டோவும் ஆளில்லாமல், வெயிலில் மிதந்து போவதுபோல ஒரு காட்சி அவள் கண்ணில் ஓடியது. அவளும் மூன்று வருடம் பேக்கிங் பிரிவில் ஷிப்ட் பார்த்தவள். அப்போது அவள் கதவையும் யாரோ தட்டிவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

மறுநாள் தன் ஊரான மீஞ்சூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாள். ஏழு மணிக்குத் தெருமுனையில் பனியும் ஆலைப்புகையும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. மூன்று முறை பூட்டுப் பார்த்த வீட்டு வாசலில், கையில் பூட்டோடு ஒரு பெண் நின்றாள். பெயர் மேரி.

"மூணு தபா வந்தியா? ஐய, ஊட்டுக்காரரு உள்ளதான் தூங்கினு இருந்தாரு. நைட் ஷிப்ட்டு. யாரும் தட்டி எழுப்பக் கூடாதுன்னு நான்தான் வெளிய பூட்டிக்கினு போவேன்."

அப்போதுதான் கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி வந்த அவள் கணவர் பாக்கியநாதன், படியில் உட்கார்ந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன.

"நேத்து எங்கெங்க போனீங்கண்ணே?"

"பஸ்ஸு... கம்பெனி... அப்பால பழவேற்காடு. படகுல. தண்ணி அப்பிடியே கண்ணாடி மாதிரி..."

"அது கனவும்மா," என்றாள் மேரி, மெதுவாக. "பகல்ல தூங்கறப்போ அடிக்கடி அங்கதான் போவாரு."

படகுக்குப் படிவத்தில் இடமில்லை. பேருந்தை மட்டும் குறித்துக்கொண்டாள். மேரி நடந்தது, ரயிலேறியது, ஆட்டோ மாறியது என்று ஐந்து பயணம் சொல்லிவிட்டு, உள்ளே கணவர் படுத்ததும் சத்தமில்லாமல் பூட்டினாள்.

ஜெரால்ட் தாளில் மேரியின் ஐந்து பயணங்களையும் விரலால் எண்ணினார். பிறகு, "மிச்ச ஊட்டுக்கும் காலைலயே போ," என்றார். அந்த வாரத்தில் இன்னும் ஆறு கதவுகள் திறந்தன. இரண்டு கடைசிவரை திறக்கவில்லை. அவற்றைக் காலியாகவே விட்டாள்.

கடைசி நாள் திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் கண் அயர்ந்துவிட்டாள். விழித்தபோது மீஞ்சூர் தாண்டியிருந்தது. அவசரப்படாமல் நந்தியம்பாக்கத்தில் இறங்கி, எதிர் ரயிலுக்காக இளவெயிலில் உட்கார்ந்தாள்.