கொலுப் பையில் போன புத்தகம்

சொந்தச் செலவில் புத்தகம் போட்டால் முதலில் தெரிய வருவது, வீட்டில் இடம் எவ்வளவு குறைவு என்பதுதான். அச்சகத்திலிருந்து முன்னூறு பிரதிகள் ஆட்டோவில் வந்து மயிலாப்பூரில் எங்கள் வாசலில் இறங்கின.

"இன்னாக்கா, மூணு பொட்டியும் புக்கா கீது?" என்றார் ஆட்டோக்காரர். நான் எழுதியது என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ ஒண்ணு குடு. வண்டில வெச்சிக்கினு போறேன். சவாரி வர்றவங்க பாக்கட்டும்."

புத்தகத்தை விற்க நடந்த முயற்சிகளில் உருப்படியானது அது ஒன்றுதான். மீதியெல்லாம் நான் அடித்த கூத்து.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நானும் என் அக்காவும் வளர்ந்த ஒண்டுக்குடித்தன வீட்டைப் பற்றி, எட்டுக் குடும்பம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்ததைப் பற்றி எழுதினேன். பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று போட்டேன். பிறகு, போட்ட புத்தகத்தை விற்பது எப்படி என்று தி. நகரில் நடந்த ஒரு நாள் பயிற்சிக்கும் போனேன். மைக் பிடித்த இளைஞர் சொன்னார்: "மேடம், வாசகர்களோட உறவை வளர்க்கணும். நல்ல அத்தியாயம் ஒண்ணை இலவசமா வெளிய விடுங்க. சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லா ஓடும்." நான் பள்ளிப் பிள்ளையாட்டம் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சிரிக்கிற அத்தியாயம் கைவசம் ஒன்று இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்த கதை. மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைக்க எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. அக்கம்பக்கத்துப் போர்ஷன்களில் மூன்று நாற்காலி இரவல் வாங்கினோம். ஒன்றுக்குப் பிரம்பு கிழிந்திருந்தது, ஒன்று தையல்காரருடைய இரும்பு நாற்காலி. அக்கா கட்டியிருந்த புடவையும் இரவல். வந்தவர்கள் நாலு பேர். மாப்பிள்ளையின் மாமா சுவரில் சாய்ந்து நின்றபடியே ஆறு பஜ்ஜி சாப்பிட்டார். போனவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரவல் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. இதை யாரிடம் படித்துக் காட்டினாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவிடம் மட்டும் படித்துக் காட்டவில்லை. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, தள்ளிப் போட்டேன்.

அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் விட்டேன். பத்தே நாளில் அது என் பெயரை உதிர்த்துவிட்டு, 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு எனக்கே வந்து சேர்ந்தது. முதலில் பழைய அலுவலகக் குழுவில், பிறகு காய்கறி ஆர்டர் பண்ணும் குழுவில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை எழுதியது நான்தான்" என்று வந்த இடமெல்லாம் பதில் போட்டேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஒரு அம்மாள் கும்பிடும் கை படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். "எழுதியது நான். இது என் சொந்த அக்காவுக்கு நடந்த உண்மைச் சம்பவம்" என்று என் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினேன். புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற விவரத்தையும் கூடவே சேர்த்தேன்.

இந்த முறை பெயர் உதிரவில்லை. அடையாறில் அக்கா இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவுக்கு அது என் பெயரோடு போனது. அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். லிஃப்டில் யாரோ அவளிடம், "டீச்சர், அந்த மாமா கடைசி வரைக்கும் உக்காரவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கே போன் வந்தது. "உன் புஸ்தகம் விக்கணும்னா என்னை எதுக்குடி விக்கறே?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாள். ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பினேன். பிரிக்காமல் திரும்பி வந்தது. அதன் பிறகு ஏழு மாதம் பேச்சில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கு மிச்சம் இருந்த ஒரே பிறந்த வீடு அவள்தான். புத்தகம் விற்காதது பெரிதாக உறைக்கவில்லை. அவள் பேசாததும், அதை அவள் படிக்கவே போவதில்லை என்பதும் தினமும் சாப்பிட உட்காரும்போது ஞாபகம் வந்தது.

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் ஐந்து படி கொலு. வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது வைத்துக் கொடுக்க வேண்டும். வழக்கமாக பிளாஸ்டிக் டப்பா, இல்லாவிட்டால் ரவிக்கைத் துணி. அந்த வருடம் கட்டிலுக்கு அடியில் அடைத்து வைத்திருந்த புத்தகப் பெட்டிகளைக் குனிந்து பார்த்ததும் யோசனை வந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம். 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, சின்னத் துணிப் பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கோடு போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். வாசகர் உறவு வளர்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

நவராத்திரியில் வைத்துக் கொடுக்கிற சாமானுக்கு என்ன கதி என்று தெரியாதவளா நான்? வந்த ரவிக்கைத் துணியை யாரும் தைத்துக்கொள்வதில்லை. அலமாரியில் ஒரு தட்டு அதற்கென்றே இருக்கும். இந்த வீட்டில் வாங்கியது அடுத்த வீட்டுக்குப் போகும். நான் கொடுத்த பச்சைத் துணி ஒன்று மூன்று வருடம் கழித்து, மடிப்புக் கலையாமல் எனக்கே வந்திருக்கிறது. ஆனால் புத்தகத்துக்கும் அதே கதிதான் என்று எனக்கு உறைக்கவில்லை. எழுதியவளுக்கு அதெல்லாம் உறைக்காது.

எட்டாம் நாள் தி. நகரில் ஒரு பழைய தோழி வீட்டுக்குப் போனேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரி. அக்காவுக்கும் பழக்கம். கதவுக்குப் பின்னால் பைகளை வரிசையாகக் கட்டி வைத்திருந்தாள். நான் கிளம்பும்போது ஒன்றை எடுத்துக் குங்குமத்தோடு கொடுத்தாள். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, எல்லாம் எங்க வீட்டுக்காரர் போட்டுக் கட்டினது" என்றாள். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு, என் புத்தகம்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கன்னத்தில் அறை வாங்கினது போல இருந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தின் மேல் மகாலட்சுமி ஸ்டிக்கர் ஒன்றை அழகாக ஒட்டியிருந்தார்கள். எந்த வீட்டுக் கைவேலையோ, இன்று வரை தெரியாது. சரி, எத்தனை கை மாறியும் ஒருவர்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன்.

பிரித்துப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலில் ஒரு டிக். வால் நீண்டு ஓரம் வரைக்கும் போகிற டிக். என் பள்ளிக்கூட நோட்டிலெல்லாம் இந்த டிக்கைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாடத்தை டீச்சர் பார்ப்பதற்கு முன்னால் என் அக்கா பார்த்துவிடுவாள்.

முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். குழாயடி அத்தியாயத்தில் 'சரி' என்று எழுதியிருந்தாள். மாடி வீட்டுக்காரரைப் பற்றி எழுதிய இடத்தில் 'பாவம், இவ்வளவு வேண்டாம்' என்று இருந்தது. நாற்காலி அத்தியாயத்தில் 'மூன்று' என்பதை அடித்து 'நாலு' என்று போட்டிருந்தாள். பக்கத்திலேயே, 'மாமா நின்றது முதுகு வலியால்'. பக்கத்தைத் திருப்பினால், அத்தியாயத்தின் கடைசி வரிக்குக் கீழே, பொடி எழுத்தில் இது:

'அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெண்ணுக்குத் திமிர் என்று ஊர் பேசும் என்று, அவர்கள் வேண்டாம் என்றதாக அப்பா எல்லோரிடமும் சொன்னார். உன்னிடமும்.'

நான் ஊரையெல்லாம் சிரிக்க வைத்தது, மாப்பிள்ளை வீட்டார் பிடிக்கவில்லை என்று விட்டுப்போன ஒரு பெண்ணைக் காட்டி. அப்படி ஒரு பெண்ணே இருந்ததில்லை. பத்தொன்பது வயதில், இரவல் புடவையில் நின்றுகொண்டு, வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இருந்தவளைத்தான் அப்படி எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் எழுத்தைப் பார்த்த சந்தோஷமும் கூடவே இருந்தது. இரண்டும் சேர்ந்து அன்றைக்கு எனக்குச் சமையலே ஓடவில்லை.

விஜயதசமி அன்று காலையில் புத்தகத்தை அதே பையில் போட்டுக்கொண்டு அடையாறுக்குப் போனேன். அக்காவின் மருமகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தி, நல்லவேளை வந்தீங்க. அத்தை ரெண்டு நாளா எதையோ தேடுறாங்க. வெச்சுக் குடுக்கற சாமான் தட்டை மூணு தடவை கலைச்சுப் போட்டாச்சு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

"அந்தத் தட்டுலேர்ந்து யாருக்காவது பை எடுத்துக் குடுத்தியா?"

"தி. நகர் ஆன்ட்டி வந்தப்ப அத்தை குளிச்சிட்டிருந்தாங்க. நான்தான் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். கட்டித் தயாரா இருந்துச்சே?"

எனக்கு விளங்கிவிட்டது. யாரோ கொலுவுக்கு வந்து அக்காவுக்கு என் புத்தகத்தை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூரியரில் வந்ததைத் திருப்பி அனுப்பியவளுக்கு, வெற்றிலை பாக்கோடு வந்ததைத் திருப்பி அனுப்ப முடியாது. அதைப் படிக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் வந்த பையிலேயே போட்டு, ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்து, எடுத்து எடுத்துப் படித்திருக்கிறாள். இந்த ஊரில் ஒரு பொருளை ஒளித்து வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது.

அக்கா ஹாலில் கொலு பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பையை அவள் முன்னால் வைத்தேன். உள்ளே பார்த்தாள்.

"எல்லாப் பக்கமும் பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன்."

"நாற்காலி நாலு."

"சரி. ஏன்க்கா, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எங்கிட்ட சொல்லலை?"

செட்டியார் பொம்மையைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தாள். "ஊர்ல போற வர்றவங்களையெல்லாம் எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்டியே. எங்கிட்ட கேட்டியா?"

தப்புதான் என்று சொன்னேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் செய்தித்தாளை என் பக்கம் தள்ளி, "சும்மா உக்காராதே, மரப்பாச்சியைச் சுத்து" என்றாள். இருவரும் சுற்றினோம்.

மீதிப் பிரதிகளில் அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தம் அச்சடித்து ஒட்டிவிடட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். "வேணாம். அப்பா எனக்காகச் சொன்னது, அது பாட்டுக்கு இருக்கட்டும். நாற்காலியை மட்டும் நாலாக்கு" என்றாள். கட்டிலுக்கு அடியில் இருந்த எல்லாப் பிரதிகளிலும் பேனாவால் நாலாக்கினேன். வாங்கினவர்களில் சிலர், நாற்காலி நாலு என்றால் மாமா ஏன் நின்றார் என்று கேட்டு எழுதினார்கள். புத்தகம் போட்டு எனக்கு வந்த உண்மையான வாசகர் கடிதங்கள் அவைதான். முதுகு வலி என்று பதில் போட்டேன்.

இந்த வருடம் இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "அப்பாவை இனிமே யார் என்ன சொல்லப் போறா, எழுது. ஆனா எழுதினதும் முதல்ல எங்கிட்ட குடு" என்றாள். கொடுத்தேன். வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால், அடையாறுக்கு நேரில் போய்க் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தாள்.

எல்லாத் தாளிலும் வால் நீண்ட டிக் இருந்தது. திருத்தம் ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தைக் காணோம் என்று அவள் தேடியதை மருமகள் சொல்கிற இடத்தில், 'ரெண்டு நாளா' என்பதை அடித்து, மேலே பென்சிலில் 'நாலு நாள்' என்று எழுதியிருந்தாள்.