ஓரகத்தியின் பழைய லேப்டாப்

அந்த லேப்டாப்பை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை எனக்குச் சும்மாவே தருவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. அவள் கைப்பையைத் திறந்து பணத்தைத் திணித்தேன். நாளைக்கு யாரும் அதைச் 'சின்னவ குடுத்த லேப்டாப்' என்று சொல்லிவிடக் கூடாதே. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அவள் இருப்பது நாமக்கல்லில். ஒரு லாரி ஆபீஸில் கணக்கு வேலை. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போய்வருவாள். நாங்கள் பரமத்தி வேலூரில், வெற்றிலைக் கொடிக்காலும் கொஞ்சம் வாழையுமாக இருக்கிறோம். நானும் பி.காம். தான். மார்க் அவளைவிட எனக்குத்தான் அதிகம். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அவள் வருகிறாள் என்றால் மாமியார் காலையிலேயே கோழி பிடித்துவிடுவார். நான் தினமும் இருக்கிறேன், எனக்கு எதற்குக் கோழி?

இந்த வயிற்றெரிச்சலைப் பத்து வருஷமாக நான் பத்திரமாக வளர்த்து வந்தேன். அப்படியிருக்க, அவளே போன் செய்து, அவளுக்குத் தெரிந்த ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வீட்டிலிருந்தபடியே பில் போட ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னாள். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆன்லைனில் ஒரு டெஸ்ட். எக்செல் தெரிந்திருக்க வேண்டும், கேமராவை அணைக்கக் கூடாது, போனில் எழுத முடியாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எனக்கென்று வந்த முதல் வேலை அது. அதையும் அவள் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லேப்டாப்பில் ஏ, எஸ், இ மூன்று எழுத்தும் தேய்ந்து அழிந்திருந்தன. அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை, பார்க்காமலே அடிப்பாள். எனக்கோ பார்த்தால்தான் ஓடும். அந்த மூன்று எழுத்தின் மேலும் சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மாதம் பழகினேன். மத்தியானம் மாமியார் கண்ணயரும் நேரத்தில் உட்கார்ந்து பழக்கம் செய்வேன். நன்றாகத்தான் ஓடியது.

டெஸ்டுக்கு முந்தின வியாழக்கிழமை ஆயுத பூஜை. அவளும் கொழுந்தனாரும் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் உழைக்கிற பொருள் எதுவும் அன்றைக்குப் பொட்டில்லாமல் இருக்காது. மண்வெட்டி, மொபெட், கிரைண்டர், கிணற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் உண்டு. மோட்டாருக்கு மட்டும் என் வீட்டுக்காரர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பட்டன் மேலேயே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார். வேலை தொடங்குகிற இடத்துக்குத்தான் பொட்டு என்பது அவர் கணக்கு. அவருடைய அப்பாவும் அப்படித்தான் வைப்பாராம்.

அவள் தன் புது லேப்டாப்பைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மூடியின் ஓரத்தில் கடுகளவு ஒரு பொட்டு வைத்தாள், அவ்வளவுதான். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது அது. பக்கத்தில் என்னுடையது கறுத்து, மூலை உடைந்து உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கை நிறைய எடுத்து மூடியில் பட்டையாகப் பூசினேன். அதோடும் ஆறவில்லை. மூடியைத் திறந்து, மோட்டாருக்கு வைக்கிற மாதிரியே, பவர் பட்டன் மேல் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் அழுத்தினேன். அழுத்தும்போது விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. சாமியே ஏற்றுக்கொண்டதாக நினைத்தேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து எடுத்து உள்ளே வைத்தேன். இரண்டு நாளும் வீடு நிறைய ஒறம்பரை, வந்த சொந்தக்காரர்களைக் கவனிப்பதில் அதைத் திறக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. இரண்டு மூச்சு விடுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி அமுக்கினால் அதே கதைதான்.

சார்ஜரைப் பிடுங்கி அடுப்படி பிளக்கில் போட்டேன். அங்கும் அப்படியே. கொடிக்கால் மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். அது பழைய மாடல் என்பதால் பேட்டரியைப் பின்பக்கம் கழற்றலாம். போனில் ஒரு வீடியோவில் சொன்னபடி பேட்டரியைக் கழற்றி, பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்து, திரும்ப மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. டெஸ்டுக்கு ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த போன் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் அடிப்பக்க மூடியைக் கழற்றி, ராம் என்று ஒரு பட்டையை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்து மாட்டினார். அப்போதும் எரிந்து அணைந்தது.

"போர்டு போயிருக்குமுங்க. நாமக்கல்லுல குடுத்துப் பாருங்க, ஆனா இன்னிக்கு லீவு" என்றார். கூடவே, "பழசு வாங்குனா இப்படித்தானுங்க. வித்தவங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்றார்.

அவர் போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ குளிர்ந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். வேலை போகிறதே என்ற பயத்தையும் மீறிய சந்தோஷம். பத்து வருஷமாக அவளிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாமல் தவித்தவளுக்கு இப்போது கையில் ஒன்று கிடைத்துவிட்டது. போர்டு போகப்போவது தெரிந்துதான் என் தலையில் கட்டியிருக்கிறாள். சும்மா தருகிறேன் என்றதும் அதனால்தான். வீடு வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லி ருசித்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் ஏறியதும் மாமியாரிடம் கொட்டினேன். "உங்க சின்ன மருமவளோட லட்சணத்தப் பாருங்கத்தை. ஓடாததக் குடுத்து ஏமாத்திருக்கறா."

மாமியார் நம்பவில்லை. "அவ அப்படிப்பட்டவ இல்ல சாமி" என்றார். அது போதாதா எனக்கு? வீட்டுக்காரர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவளுடைய ஸ்கூட்டி வந்து நின்றது. தோளில் தன் புது லேப்டாப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். "நாளைக்கு டெஸ்ட இதுலயே எழுதீருங்கக்கா. ஆபீசுக்கு நான் லீவு சொல்லீட்டேன்" என்றாள். நான் காலையிலிருந்து பேசியது அவள் காதுக்குப் போயிருந்ததா என்று அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அது இருக்கட்டும், இதப் பாரு" என்று பழையதை அவள் முன்னால் தள்ளினேன்.

தரையில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். எரிந்தது, அணைந்தது. மறுபடி அமுக்கி, வாய்க்குள்ளேயே எண்ணினாள். "ஏனுங்கக்கா, ஒவ்வொரு தரமும் நாலு எண்ணுறதுக்குள்ள அணைஞ்சுருது பாத்தீங்களா? நாம அமுத்திப் புடிச்சுட்டே இருந்தாத்தான் இப்படி அணையும். போர்டெல்லாம் போகலீங்க. அமுத்துனா பட்டன் உள்ளயே நின்னுக்குது, ஒடனே மேல வரமாட்டீங்குது. ஒரு ஊக்கு குடுங்க."

தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் ஊக்கை விட்டு மெல்லச் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி வந்தது. காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். பிறகு சிவப்பாகக் கொஞ்சம் வந்தது. பன்னீர் வாசம்கூட இன்னும் போகவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஊக்கைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்திருந்தால் இன்னும் நல்லது, நானும் சண்டைக்குப் போயிருப்பேன். அவளோ பஞ்சில் சானிடைசர் தொட்டு இடுக்கெல்லாம் துடைத்தாள். பட்டன் டிக்கென்று மேலே வந்தது. அமுக்கினாள். விளக்கு எரிந்தது, திரை வெளிச்சமானது, அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து மாமியார் டீயோடு வந்தார், பின்னாலேயே என் வீட்டுக்காரரும். "என்ன சாமி ஆச்சு அதுக்கு?"

மஞ்சள் படிந்த பஞ்சை அவள் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்கத்தை. இந்தப் பட்டன் எங்கிட்ட இருக்கறப்பவே சித்த இறுக்கமாத்தானுங்க இருந்துச்சு. அக்காகிட்டச் சொல்லோணும்னு இருந்தேன், மறந்துட்டேன். என் தப்புதானுங்க."

எனக்கு வாய் வரை வந்தது. இல்லை, நான் வைத்த பொட்டுதான் என்று சொல்லிவிட ஒரே ஒரு நொடி இருந்தது. அதற்குள் மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்."

அவ்வளவுதான், வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. டீயைக் குடித்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்புவதாக எழுந்தாள். "வாரேனுங்கக்கா, நல்லா எழுதுங்க" என்று என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். புது லேப்டாப்பையும் எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

டெஸ்டைப் பழையதிலேயே எழுதினேன். வேலை கிடைத்தது. இப்போது மாதாமாதம் சம்பளம் வருகிறது. ஒரு நாளைக்கு நூறு பில்லுக்கு மேல் போடுகிறேன். ஏ, எஸ், இ மேல் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகளைக்கூட எடுத்துவிட்டேன், பார்க்காமலே விரல் போகிறது. பட்டனின் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு காலையிலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அமுக்குகிறேன்.

வீட்டில் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. மாமியார் இன்னமும் ஒறம்பரை வந்தால் அவள் தப்பை ஒத்துக்கொண்ட கதையைச் சொல்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். சொல்லிவிட்டால் என் மனபாரம் குறையும் என்று தெரியும். ஆனால் சொன்னால் அவள் இன்னும் நல்லவளாகிவிடுவாள்.