சத்தம் வராத விரிப்பு

என் தம்பி முனிவேல் ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். ஒரு முடியின் பருமன் அளவுக்குக் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாகம் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும் என்பான். அவன் மெஷினிலிருந்து அப்படிப் போவது அபூர்வம் என்று அவனுடைய சூப்பர்வைசரே ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியில் ரவிக்கை தைக்கிறேன். அவன் ஐ.டி.ஐ. முடித்தவன். எங்கள் குடும்பத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் அவன்தான். ஆனாலும் அவன் எப்படிப்பட்டவன் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவன் ஆடும் ஆட்டம்தான்.

கட்டைவிரலின் மேல்கணு உயரத்தில் பிளாஸ்டிக் வீரர்கள், குதிரைகள், கொம்பு வைத்த பூதங்கள். துண்டுதுண்டாக வரும் அவற்றை ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் பூசி, மேசையில் எதிரெதிரே இரண்டு படையாக நிறுத்த வேண்டும். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். படைகள் மோதும்போது பகடையை உருட்ட வேண்டும். சதுரங்கம்போல் இதில் கட்டம் கிடையாது. கீழே என்ன விரிக்கிறோமோ அதுதான் நிலம்.

இதைக் கற்றுக்கொடுத்தவன் அஜித்குமார், அதே ஷிப்டில் பக்கத்து மெஷினில் இருந்தவன். அவனுக்கு இது பெங்களூரில் பழக்கமானது. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து முனிவேலின் அறையில் ஆடுவார்கள். பிறகு கம்பெனி அஜித்தை பூனாவுக்கு மாற்றியது. போகும்போது தன் பூதப்படையை இங்கேயே விட்டுப் போனான். திரும்பி வந்து ஆடலாம் என்றானாம். அங்கேயே கல்யாணமும் முடிந்துவிட்டது.

அதன் பிறகு முனிவேல் இரண்டு பக்கமும் தானே ஆடினான். ஒருமுறை அதை நேரில் பார்த்தேன். கட்டில்மேல் பிளைவுட் பலகை, அதன் இரு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தப் பக்கம் உட்கார்ந்து நகர்த்துவான். எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்காருவான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வான். இந்தப் பக்கம் யோசித்து வைத்ததை மறந்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் ஆட வேண்டுமாம், இல்லாவிட்டால் கள்ளாட்டம் ஆகிவிடுமாம். பார்க்க யாரும் இல்லாத அறையிலும் என் தம்பி யாரையும் ஏமாற்றவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எதிர் நாற்காலிக்கு அவன் எழுந்து போன ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவன் இருப்பது பாகலூர் ரோட்டை ஒட்டிய ஒரு காம்பவுண்டில். வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு ஷிப்ட். எந்த நேரத்திலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் 'இங்கே தூங்குகிறேன், சத்தம் வேண்டாம்' என்று அர்த்தம். கதவைத் தட்டிச் சண்டை போடுவதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்த நாட்களில் முனிவேலும் அப்படித் தட்டியிருக்கிறான். பக்கத்தில் டி.வி. உடனே அடங்கிவிடும்.

பக்கத்து அறைக்கு அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து திம்மப்பன் என்பவர் குடிவந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு குடோனில் இரவுக் காவல். முனிவேலுக்கு அப்போது காலை ஷிப்ட். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் பலகையைப் போட்டு, பகடையை உருட்டியதும் சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டான். அடுத்த நாள் துண்டை மடித்து அதன்மேல் மெதுவாக உருட்டினான். பகடை தாண்டி விழுந்து பலகையில் பட்டது. பலகையின் முனை சுவரை ஒட்டியிருந்தது. மறுபடியும் இரண்டு தட்டு. பலகையை நகர்த்திப் போட அந்த அறையில் இடம் இல்லை. அடுத்த அறைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், தூங்குகிறவரை எழுப்பி எப்படிக் கேட்பது? அவர் எழுந்திருக்கிற நேரத்தில் இவன் ஓவர்டைம் பார்க்கப் போயிருப்பான். பல வாரம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தும் அவர்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை.

ஆடி மாதம் நான் போனபோது பூதப்படை ஓர் அட்டைப் பெட்டிக்குள் பாதி அடுக்கியிருந்தது.

"ஒரு நல்ல மேட் வாங்கிப் பாக்கறேங்க்கா. சத்தம் வராத மேட்டு. அதுலயும் சரியா வரலைன்னா எல்லாத்தையும் அஜித்துக்கே அனுப்பிட்டு வுட்டுடறேன்" என்றான்.

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் வேலை, தூக்கம், சாப்பாட்டுக் கடை இவை தவிர அவனுக்கு அந்த ஊரில் இருந்தது இது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும்.

விரிப்புத் தேடுவதில் என் பங்கும் உண்டு. முதலில் என் பையிலிருந்த வெல்வெட் துணியை விரித்துப் பார்த்தோம். பகடைச் சத்தம் குறைந்தது. ஆனால் துணியில் மடிப்பு விழுந்த இடத்தில் வீரர்கள் சாய்ந்தார்கள், பஞ்சு அவர்கள் காலில் ஒட்டியது. மடிப்பை இஸ்திரி போட்டு எடுத்தேன். டேப் வைத்து நகர்த்தும்போது துணியும் கூடவே நகர்ந்தது.

அடுத்து பேனர் அடிக்கும் கடைக்குப் போனோம். பாறையும் மண்ணும் இருக்கிற படத்தை முனிவேல் போனில் காட்டி, பலகையின் அளவுக்கு அடித்துத் தரச் சொன்னான். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"போட்டோ எங்க வருது? மாப்பிள்ளையா, காதுகுத்தா?"

"போட்டோ இல்லீங்க. வெறும் தரைதான்."

"தரைக்கா பேனர் வெக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. முனிவேல் மட்டும் சிரிக்கவில்லை.

அடித்துக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் நான்கு மூலையிலும் கயிறு கட்டுவதற்கு வளையமும் அடித்திருந்தார். அறையில் விரித்தால் சுருட்டிய சுருள் நிமிரவில்லை. டியூப்லைட் வெளிச்சம் பாறைமேல் பட்டுக் கண் கூசியது. பகடை போட்டால் தகரத்தில் மழை பெய்த மாதிரி சத்தம். சுவரில் இரண்டு தட்டு.

கடைசியில், அவன் லீவு போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கே பஸ் ஏறினோம். இந்த ஆட்டச் சாமான்கள் மட்டுமே விற்கும் கடை ஒன்றை அஜித் போனில் சொல்லியிருந்தான். மாடியில் இருந்தது. உள்ளே போனதும் முனிவேல் வாசலிலேயே நின்றுவிட்டான். நீளமான மேசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு பேர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் ஒருவன் ஏதோ கேலி பேச, எதிரே இருந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். எதிரே ஆள் இருக்கிற ஆட்டத்தை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கடை ஆள் விரிப்புகளை எடுத்துப் போட்டார். பனி மூடிய நிலம், எரிந்த நகரம், பச்சைப் புல்வெளி, செவ்வாய்க் கிரகம். பிளாஸ்டிக்கில் ஒன்று, துணியில் ஒன்று, மேலே துணியும் கீழே ரப்பரும் சேர்ந்த வகையில் இரண்டு கனம். முனிவேல் சட்டைப் பையிலிருந்து தன் பகடையை எடுத்தான். ஒவ்வொரு விரிப்பின்மேலும் போட்டுவிட்டுக் குனிந்து மேசையில் காது வைத்துக் கேட்டான். கம்பெனியில் பாகத்தை அளக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மெல்லிய ரப்பரே போதும், ஆடப் போகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சுலபம் என்று கடை ஆள் கன்னடத்தில் சொன்னார். எங்கேயும் தூக்கிப் போவதில்லை என்று முனிவேலும் கன்னடத்திலேயே சொன்னான். பகடை உருட்டத் தனியாக மரத் தட்டு இருக்கிறது, நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்றார். அது சத்தம் போடும், வேண்டாம் என்றான். எத்தனை பேர் சேர்ந்து ஆடுகிறீர்கள், ஓசூரில் குழு இருக்கிறதா என்று கேட்டார். முனிவேல் விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, இருக்கிறார்கள் என்றான்.

நான் படங்களைப் பார்ப்பதுபோல் நகர்ந்துபோனேன்.

அவன் எடுத்தது கனமான ரப்பர் விரிப்பு. படம், காய்ந்த மண்ணும் கருங்கல் குண்டுகளும் நடுநடுவே முட்செடியும்.

"இதுக்கா பெங்களூரு வந்தோம்? இந்தக் காட்டத்தான் வழி பூரா பஸ்ஸுல பாத்துட்டு வந்தோமேடா."

"பனியில நின்னா நம்மாளுங்களுக்கு ஒத்துக்காதுக்கா" என்றான். அன்று முழுக்க அவன் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

திரும்பி வந்து விரித்தோம். பலகையோடு அப்படியே படிந்தது. ஓரங்களை நான் ஒருமுறை அளந்தேன், அவன் ஒருமுறை அளந்தான். எங்கேயும் தூக்கவில்லை. வீரர்கள் அசையாமல் நின்றார்கள். முனிவேல் பகடையை உயரத்திலிருந்தே போட்டான். நெல் மூட்டைமேல் விழுந்ததுபோல் அமுங்கியது. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு விழவில்லை. நிம்மதியாக ஊருக்கு வந்தேன்.

அதன் பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்பான். ஆடினாயா என்றால், ஆடினேன் என்பான். புரட்டாசி பிறந்ததும் அந்தப் பதில் மாறியது. நேரமில்லை என்றான். பிறகு ஒருநாள் அவனே சொன்னான்.

"சத்தமே இல்லக்கா. பகடை உழுந்துச்சா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்குது."

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். அவன் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தான். பொரி, கடலை, சுண்டல், இனிப்புப் பெட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தோம். கதவைத் திறந்ததும், பூதப்படைப் பெட்டி டேப் ஒட்டி, பூனா விலாசம் எழுதி, போகத் தயாராக ஓரத்தில் இருப்பதைப் பார்த்தேன். விரிப்பு சுருட்டி மூலையில் நின்றது.

பொரியைக் கலந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறை திம்மப்பன். நல்ல சட்டை போட்டிருந்தார். கையில் எவர்சில்வர் தட்டு நிறையப் பொரி, மேலே ஒரு வாழைப்பழம். அவர் குடோனிலும் பூஜை. முனிவேல் எழுந்து நின்றான். ஏதோ தப்பு செய்து பிடிபட்டவன்போல் இருந்தது அவன் முகம்.

"இருக்கறீங்களா சார்? நீங்க ரூம் காலி பண்ணிட்டு ஹோகிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார் திம்மப்பன், கன்னடம் கலந்த தமிழில்.

இங்கேதான் இருக்கிறேன் என்றான் முனிவேல்.

"சத்தமே வர்லீங்களே. மொதல்ல அப்பப்ப பகடை உருளும். ஒரு மாசத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல."

"உங்களுக்குத் தூக்கம் கெடுதுன்னுதான்ணா மேட்டு வாங்கிப் போட்டேன். நீங்க சுவத்துல தட்டுனீங்க இல்ல?"

"தட்டுனேன்" என்றார் அவர். கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்க பக்கம் மாடு மேய்க்கப் போனா பாறையில கோடு போட்டு, தாயம் மாதிரி சௌகாபாரா ஆடுவோம். ஆடத் தெரியாதவன் பக்கத்துல உக்காந்து பாறையத் தட்டுவான். நல்ல எண்ணு உழட்டும்னு. நீங்க யாரோடயோ ஆடறீங்க, நம்ம பங்குக்கு இருக்கட்டும்னு தட்டுனேன்."

முனிவேல் சுவரைப் பார்த்தான். அந்தக் காம்பவுண்டில் தட்டுவதற்கு என்ன அர்த்தம் என்பதை நான்தான் திம்மப்பனுக்குச் சொன்னேன். அவர் அப்படியே கதவில் சாய்ந்துகொண்டார். ராத்திரி பூராவும் குடோன் வாசலில் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறவன் நான், பகலில் பக்கத்தில் ஆள் அரவம் கேட்டால்தான் தூக்கமே பிடிக்கிறது என்றார்.

உள்ளே வந்து ஆடிப் பாருங்கள், எதிர்ப்பக்கம் ஆள் இல்லை என்று முனிவேல் கூப்பிட்டான். திம்மப்பன் சுருட்டி வைத்த விரிப்பையும் வீரர்களையும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இந்தப் பொம்மைக் கணக்கு நமக்குப் புடிபடாது சார். டூட்டிக்கு முன்ன கொஞ்சம் படுக்கணும். நீங்க ஆடுங்க. நான் கேட்டுக்கறேன்."

அவர் கொண்டுவந்த பொரியைக் காகிதத்தில் கொட்டிவிட்டு, வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாதே என்று நான் எங்கள் பொரியை அதில் அள்ளப் போனேன். முனிவேல் என் கையைப் பிடித்து நிறுத்தினான். இந்தத் தட்டு கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டுமா என்று அவரிடம் கேட்டான். எங்கள் பொரியைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கத்திரிக்கோல் இருக்குதாக்கா?" என்றான் முனிவேல்.

என் பையில் எப்போதும் இருக்கும். பெட்டியின் டேப்பை ஓரம் கிழியாமல் வெட்டினான். பூதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊதித் துடைத்தான். விரிப்பைப் போட்டு, இரண்டு படையையும் நிறுத்தி, திம்மப்பனின் தட்டைச் சுவரோரம் வைத்தான்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிருஷ்ணகிரியில் இறங்கி ஊத்தங்கரை பஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்றான். வேண்டாம், ஆடு என்றேன். நான் செருப்பு மாட்டும்போது அவன் எழுந்து, கட்டிலைச் சுற்றி, எதிர் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

வெளியே வந்து இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு கதவுக்குள் பகடை எவர்சில்வர் தட்டில் உருண்டு நின்றது. அடுத்த கதவுக்குள் யாரோ படுத்தபடியே சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.